நாற்பது கன்றும் ஐந்து பேரும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பாளையங்கோட்டை பெருமாள்புரம் பக்கம் எங்கள் தெருவை ஒட்டி மாநகராட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது. பல வருடமாகக் கவனிப்பில்லாமல் கிடந்தது. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று வாட்ஸ்அப்பில் அழைப்பு விட்டோம். அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் வந்தார்கள். முள்ளை வெட்டி, குப்பையை அள்ளி, நாற்பது கன்று வைத்தோம். அடுத்த ஞாயிறு இருபத்தைந்து பேர். இப்போது ஐந்து பேர்தான். கன்றுகளில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் மாநகராட்சிப் பணியாளர் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டி-ஷர்ட்டும் சான்றிதழும் கொடுத்தால் கூட்டம் திரும்ப வரும் என்கிறார்கள் சிலர். ஆள் இல்லாமல் இதை எப்படி நடத்துவது? பெயர் போட வேண்டாம்.

—

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு அறுபது பேர் எழுந்து வந்த இடத்தில் ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் ஆளுக்குக் குறைச்சலே இருந்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அன்றைக்கு இளவட்டங்கள் கேட்காமலே இறங்கினார்கள். நான் இருந்த மண்டபத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் மலையாகக் குவிந்து கிடந்தது. எடுத்துப் போகவும் ஆள் இருந்தார்கள். ஆனாலும் ஒரே தெருவுக்கு மூன்று தடவை போனது, அடுத்த தெருவுக்குப் போகவே இல்லை. மத்தியானம் ஒரு அம்மா பழைய கணக்கு நோட்டோடு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, யார் கொண்டுபோகிறார்கள் என்று எழுதாமல் ஒரு பையையும் வெளியே விடவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் சோறு போய்ச் சேர்ந்தது. அதே ஆட்கள்தான், கூடுதலாக வந்தது அந்த நோட்டு மட்டும்.

உங்கள் பூங்காவுக்கும் அந்த நோட்டுதான் வேண்டும். அறுபது பேர் வந்த முதல் நாள் வேலை கண் முன்னால் கிடந்தது. முள் இருந்தது, வெட்டினார்கள். இரண்டாவது வாரம் வந்தவர் என்ன பார்த்திருப்பார்? நாலு பேர் பேசிக்கொண்டு நிற்கிறார்கள், மம்பட்டி இரண்டுதான் இருக்கிறது, அதுவும் வேறொருவர் கையில். அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். தன்னை யாரும் தேடவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். அடுத்த வாரம் ஏன் வருகிறார்?

கன்று காய்ந்ததும் இதே கதைதான். முதல் தப்பு தேதி. ஜூன் 5 நம் சமவெளிக்கு நடவு நாளே கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழும், பாளையங்கோட்டைக்கு வெறும் காற்றுதான் வரும். ஆனி, ஆடி முழுக்க அந்த வறட்டுக் காற்று இளங்கன்றை உலுக்கி எடுத்துவிடும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக் கடைசியில் குழி வெட்டி வைத்து, முதல் மழை மண்ணில் இறங்கியதும் வைத்தால் பாதிக் கன்றை வானமே வளர்த்துக் கொடுக்கும். விழா நாள் உலகத்துக்குப் பொதுவாக இருக்கட்டும், நடவு நாளை நம் ஊர் மழைதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தப்பு, தண்ணீர் விடும் வேலையை எல்லாருக்கும் பொதுவாக விட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்றுக்கு ஒரு குடம், வாரம் இரண்டு தடவை. ஒரு தடவைக்கு நாற்பது குடம். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு ஐந்து. குழாய் பக்கத்தில் இருந்தால் கால் மணி நேர வேலை. புதன்கிழமைக்கு எட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டுப் பேர், ஆக மொத்தம் பதினாறு பேர் போதும். ஒவ்வொரு கம்பிலும் எண் எழுதிக் கட்டி, பதினொன்றிலிருந்து பதினைந்து வரை உங்கள் பொறுப்பு என்று ஒருவரிடம் சொல்லியிருந்தால், ஊருக்குப் போகும்போது அவரே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

இது புதுசாகக் கற்க வேண்டிய வித்தை ஒன்றும் இல்லை. நம் பக்கத்துக் கோயில் கொடை விழாவைப் பாருங்கள். வரி பிரிக்கிறவர் ஒருவர், பந்தலுக்கு ஒருவர், வில்லுப்பாட்டுக்காரர்களைக் கூட்டி வந்து தங்க வைக்க ஒருவர். பந்தியில்கூட, நீ சோறு, நீ சாம்பார், நீ இலை என்று ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். கொடை முடிந்ததும் ஊர்க் கூட்டத்தில் வரவு செலவை வாசித்தாக வேண்டும். வாசிக்காவிட்டால் அடுத்த வருடம் வரி கேட்டுப் படியேற முடியாது. சம்பளம் வாங்காமல் எத்தனை பேர் எத்தனை நாள் உழைக்கிறார்கள்! வரவில்லை என்றால் உடனே ஆள் அனுப்பி விசாரிக்கவும் செய்கிறார்கள்.

என் அனுபவம் ஒன்றையும் எழுதுகிறேன். சில வருடம் முன்பு பாளையங்கால்வாயில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்யக் கூட்டம் சேர்த்தோம். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிற கால்வாய். ஊருக்குள் வரும்போது அதில் என்னவெல்லாம் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாற்பது பேர் வந்தார்கள், கையுறை பன்னிரண்டு ஜோடிதான் வாங்கியிருந்தோம். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வெறுங்காலோடு இறங்கிவிட்டான். சேற்றுக்குள் உடைந்த பாட்டில். பாதத்தில் குறுக்கே ஆழமாக வெட்டிவிட்டது. ஆட்டோவில் ஏற்றிப் போய் நாலு தையலும் ஊசியும் போட்டோம். அவன் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. "இவன உள்ள எறங்கச் சொன்னது யாரு?" என்று மட்டும் கேட்டார்கள். நாங்கள் ஆறு பேர் நின்றோம், ஒருவரிடமும் பதில் இல்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அதற்கப்புறம் நான் கூட்டுகிற எந்த வேலையிலும் ஐந்தாறு பேருக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. பதினெட்டு வயது ஆகாதவர்கள் தண்ணீரிலும் முள்ளிலும் இறங்குவதில்லை. பன்னிரண்டு கையுறை இருந்தால் பன்னிரண்டு பேர்தான் அந்த வேலைக்கு.

பெரிய அளவில் இப்படி நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குப் போய் வாருங்கள். மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011 முதல் நடத்துகிறார்கள். தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து குளங்களுக்குப் போய் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். பறவை தெரிந்தவரோடு தெரியாதவரும் போகலாம். முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறவர் அடுத்த வருடம் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

டி-ஷர்ட் வேண்டாம். அந்தக் காசில் கையுறையும் நாலு மம்பட்டியும் வாங்குங்கள். சான்றிதழ் விஷயம் வேறு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு வருடத்துக்கு 120 மணி நேரக் கணக்கு உண்டு. வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது அவர்களுக்கு நிஜமாகவே உதவும். தடுக்கி விழுந்தால் கல்லூரி இருக்கிற ஊர் பாளையங்கோட்டை. திட்ட அலுவலரை நேரில் போய்ப் பாருங்கள். பரீட்சை மாதங்களில் மட்டும் பிள்ளைகளை எதிர்பார்க்காதீர்கள்.

இனி அந்தப் பணியாளர். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். தினமும் அந்தப் பூங்காவுக்கு வருகிறவர் அவர். ஒரே ஒரு நாள் அறுபது பேர் வந்து, போட்டோ எடுத்து, இத்தனை வருடம் இங்கே யாரும் எதுவும் செய்யவில்லை என்று பேசியிருப்பீர்கள், அவர் காதில் விழும்படி. தன் வேலைக்கே ஆபத்து வருமோ என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய இடத்தைச் சும்மா வந்து நிரப்பினால் நாம் செய்வது சேவையே இல்லை, ஒருவர் வயிற்றில் அடிப்பது. போய் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த மூலையில் பாம்பு வரும், எந்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. நோட்டில் முதல் பக்கம் அவர் சொல்வதை எழுதுங்கள். அவரை யாரும் வேலை ஏவக் கூடாது என்று உங்கள் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எரியாத விளக்கு, இடிந்த சுற்றுச்சுவர், ஓடாத மோட்டார் இதெல்லாம் மாநகராட்சி வேலை. அதைக் கையால் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். 2022 நவம்பர் முதல் நகரங்களில், வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. கவுன்சிலர் இருக்கும்போது நாலு வீட்டார் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். கன்று வைக்கவும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது குழாய் பதிக்க வருகிறவர்கள் தோண்டிப் போட்டுவிட்டுப் போவார்கள்.

மீதி ஐந்து பேரைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒருவர் நோட்டு, ஒருவர் சாமான், ஒருவர் தண்ணீர் முறை, ஒருவர் கல்லூரி, ஒருவர் வராதவர்களுக்குப் போன் போட்டு விசாரிப்பது. குழுவில் செய்தி தட்டிவிட்டால் போதாது, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிழைத்திருக்கிற கன்றுகளுக்கு முதலில் எண் கட்டுங்கள்.

ஐப்பசியில் நான் பாளையங்கோட்டைக்கு வருகிறேன். காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நிற்பேன். எனக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.