வேட்பாளர் சொல்லும் பட்டம் உண்மையா, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: 'எங்கள் கடலூர் தொகுதியில் ஒருவர் தன்னை எம்.ஏ. என்கிறார். சரிபார்க்க முடியுமா? பொய்யென்றால் பதவி போகுமா?'

முதலில் ஒன்று: எம்.எல்.ஏ. ஆகப் படிப்புத் தகுதியே தேவையில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவரும் நிற்கலாம். ஆனால் படித்ததாகச் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். முந்தைய தேர்தலில் தந்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; பல குட்டுகள் அங்கேதான் உடைகின்றன. சுவரொட்டியில் இருக்கும் 'டாக்டர்' கணக்கில் வராது, அது கௌரவப் பட்டமாகவும் இருக்கலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் படித்தேன் என்றால் உடனே சிரிக்காதீர்கள். நம் மாவட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம்.

சரி, பொய்யென்றால்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதவி தானாகப் போகாது. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். மணிப்பூரின் மொய்ராங் தொகுதியில் 2012-இல் வென்ற பிரித்விராஜ், மைசூர் பல்கலைக்கழக எம்.பி.ஏ. என்று எழுதியிருந்தார். எழுத்தர் செய்த பிழை என்று வாதாடினார். எடுபடவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றமும் அந்த வெற்றி செல்லாது என்றது.