கையெழுத்திட மனம் வராதபோது

கேள்வி: செலவாகாத தொகையைச் செலவானதாகக் காட்டும் கணக்கில் கையெழுத்திடுமாறு என் மேலதிகாரி வற்புறுத்துகிறார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ரோமர் 13-ஆம் அதிகாரம் சொல்கிறதே என்கிறார்கள் நண்பர்கள். மறுக்க வேண்டும் என்று தெரிந்தும் வேலை போய்விடுமோ என்று நடுங்குகிறேன். மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. என் விசுவாசம் அவ்வளவு பலவீனமானதா?

பதில்: நடுக்கத்தை அவிசுவாசம் என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரரே. பிரதான ஆசாரியனின் அரண்மனை முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே அஞ்சி ஆண்டவரை மறுதலித்தார். அதே பேதுருதான் பின்னாளில் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்றார். இடையில் அவர் உயிர்த்த ஆண்டவரைக் கண்டார், ஆவியானவரைப் பெற்றார். முதல் மிரட்டலுக்குப் பின் விடுவிக்கப்பட்டபோது நேரே தம்மைச் சேர்ந்தவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார் என்பதையும் அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் கவனியுங்கள். அங்கே அவர்கள் மிரட்டல் ஒழிய வேண்டும் என்று கேட்கவில்லை, தைரியமாய்ப் பேச அருள்தர வேண்டும் என்றே கேட்டார்கள்.

ரோமர் 13 அதிகாரியை, நன்மை உண்டாகும்படிக்கு ஏற்படுத்தப்பட்ட தேவ ஊழியக்காரன் என்கிறது. பொய்க்கு உடன்படும்படி அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பேதுருவே தம் முதல் நிருபத்தில், “தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்” என்று எழுதும்போது, ராஜாவுக்குக் கனத்தைக் கொடுத்துவிட்டுப் பயத்தைத் தேவனுக்கென்றே வைத்துக்கொள்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வசனம் இது.

ஆகவே மறுப்பிலும் மரியாதை இருக்கட்டும். ராஜாவின் போஜனத்தை மறுத்த தானியேல் சண்டையிடவில்லை; தலைமை அதிகாரி தயங்கியபோது, தங்களைக் கவனித்துக்கொண்டவரிடம் பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொண்டார். நீங்களும் அதிகாரியைத் தனியே சந்தித்து, உண்மையான தொகையோடு கணக்கை எழுதித் தருவதாகவும் அதில் தயங்காமல் கையெழுத்திடுவதாகவும் சொல்லிப் பாருங்கள்.

அவர் இணங்காமலும் போகலாம், வேலையும் போகலாம். அப்படி நேராது என்று உறுதிகூற எனக்கு அதிகாரமில்லை. ஹிட்லரின் படையில் போரிட மறுத்த ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் 1943-இல் கொல்லப்பட்டார். குருக்கள் உட்படப் பலர் அவர் மனத்தை மாற்ற முயன்றபோது, மூன்று சிறுமிகளின் தாயான அவருடைய மனைவி ஃபிரான்சிஸ்கா அவர் பக்கம் நின்றார். உங்கள் மனைவிக்கு அந்த வாய்ப்பையே நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. இன்றிரவே அவரிடம் சொல்லுங்கள். இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்த பிறகு அதிகாரியின் அறைக்குச் செல்லுங்கள்.