படம் வரைய இரண்டு மணி நேரம், பாடம் எழுத பத்து நிமிஷம்கூட இல்லையா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. சேட்டை, சண்டை எதுவும் கிடையாது. வகுப்பில் ஜன்னலைப் பார்த்தபடியே இருக்கிறாள் என்கிறார் ஆசிரியர். அரை மணி நேர வீட்டுப்பாடம் மூன்று மணி நேரம் இழுக்கிறது. கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கழித்தல் குறி இருக்கும் இடத்தில் கூட்டி வைக்கிறாள். இந்த வருஷம் மட்டும் நான்கு பென்சில் பெட்டிகளைத் தொலைத்துவிட்டாள். அதே பெண் படம் வரைய உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் தலை நிமிர்வதில்லை. ‘வேணும்னே பண்றா, நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்கிறார் கணவர். ஏ.டி.எச்.டி.யாக (கவனக் குறைபாடு - மிகை இயக்கக் கோளாறு) இருக்கலாம் என்கிறாள் தோழி. ஓடியாடாத பிள்ளைக்கும் அது வருமா? நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வரும். ஏ.டி.எச்.டி. என்றாலே ஓர் இடத்தில் நிற்காத பையன்தான் பலருக்கு ஞாபகம் வருகிறான். ஆனால் மிகை இயக்கம் இல்லாத கவனக் குறைபாட்டை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980லேயே தனியாகக் குறித்துவிட்டது. 1987ல் பெயருக்குள் ‘மிகை இயக்கம்’ என்ற சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அமைதியான பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, அந்தப் பெயரே பாதகமாகப் போயிற்று. தொந்தரவு செய்யாத குழந்தையை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை.

இப்போதைய கையேடு கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. உங்கள் கடிதத்திலேயே நான்கு தெரிகின்றன: அவசரப் பிழைகள், கவனம் நீடிக்காமை, தொடங்கியதை முடிக்க முடியாமை, பொருள்களைத் தொலைப்பது. மீதி ஐந்தையும் நீங்களே கவனித்துப் பாருங்கள்: நேரில் பேசினாலும் காதில் வாங்காததுபோல இருப்பது, வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரியாமை, மூளையை நெடுநேரம் உழைக்க வைக்கும் வேலையைத் தட்டிக்கழிப்பது, சின்னச் சத்தத்துக்கும் திரும்புவது, அன்றாட மறதி. குழந்தைகளுக்கு இந்த ஒன்பதில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில தலைகாட்டியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். பள்ளியில் மட்டும், அதிலும் ஒரே ஒரு வகுப்பில் மட்டும் என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

‘வேணும்னே பண்றா’ என்று உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். படம் வரையும்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது? இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் வைத்து, வேண்டிய நேரம்வரை பிடித்து நிறுத்தும் கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது. படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பலன் அந்த நொடியே கண்ணில் படுகிறது. வேகமும் அவள் கையில்தான். கணக்கிலோ, சரியா தவறா என்பது நாளைக்குத்தான் தெரியும். போதாததற்குக் குறி, கடன் வாங்கிய எண், அடுத்த படி என்று மூன்றையும் மனசில் ஏந்திக்கொண்டே போக வேண்டும். அந்தத் தற்காலிக நினைவு பல பிள்ளைகளுக்குச் சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடுகிறது. ஐந்து கூட்டல் போட்ட கை ஆறாவதையும் கூட்டிவிடுகிறது. கழித்தல் தெரியாமல் இல்லை. தெரிந்தது அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை. அதனால் ‘கவனமா செய்’ என்று ஆயிரம் முறை சொல்லியும் பயனில்லை. உதவி, அவள் கை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கணக்கைத் தொடும் முன் பக்கம் முழுக்க உள்ள குறிகளுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். கட்டம் போட்ட தாளில் எழுதவிடுங்கள். இலக்கங்கள் வரிசை மாறாது.

ஏ.டி.எச்.டி.தான் என்று முடிவு கட்டும் முன் வேறு சிலவற்றை விலக்க வேண்டும். கண், காது இரண்டையும் முறையாகப் பரிசோதியுங்கள். குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்து தூங்குகிறாளா என்று பாருங்கள். மூச்சு தடைப்பட்டுத் தூங்கும் பிள்ளை பகலில் அப்படியே கவனக்குறைவுள்ள பிள்ளைபோலத்தான் தெரியும். இந்த வயதில் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் தேவை. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, மனப்பதற்றம் ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். வாசிக்கும்போது மட்டும் தடுமாறினால் வாசிப்புக் குறைபாடா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். பகற்கனவில் இருக்கும் குழந்தை தோளைத் தொட்டால் திரும்பும். பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று, பத்து நொடிபோல வெறித்துப் பார்த்து, தொட்டாலும் அசையாமல், பிறகு எதுவுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கைபேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்கு மருத்துவம் வேறு.

ஏ.டி.எச்.டி.யைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியாக நிரப்பும் கேள்வித்தாள், குழந்தையின் வளர்ச்சி வரலாறு, நேர்ப்பேச்சு, இவற்றை வைத்துத்தான் கண்டறிகிறார்கள். குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள். குழந்தை மனநல மருத்துவருக்கோ மருத்துவ உளவியலாளருக்கோ அவர் அனுப்புவார். போகும்போது பழைய நோட்டுகளையும் மதிப்பெண் அட்டைகளையும் கொண்டு போங்கள். ‘கவனம் தேவை’ என்று ஒன்றாம் வகுப்பிலேயே யாராவது எழுதியிருந்தால் அது பெரிய சான்று.

வீட்டுப்பாடத்தைச் சீர்செய்ய மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாள், எத்தனையாவது நிமிஷத்தில் அவள் கவனம் கலைகிறது என்று மட்டும் குறித்துவையுங்கள், திருத்தாதீர்கள். பன்னிரண்டாவது நிமிஷம் என்றால் பத்து நிமிஷ வேலை, ஐந்து நிமிஷ இடைவேளை. கலைந்த பிறகு நிறுத்தினால் தோல்வியோடு எழுந்திருப்பாள். கலையும் முன் நிறுத்தினால் முடித்தோம் என்று எழுந்திருப்பாள். இடைவேளையில் உடம்பு அசையட்டும். திரையும் வேண்டாம், படமும் வேண்டாம். இரண்டும் அவளை இழுத்துக்கொள்ளும், திரும்பி வரமாட்டாள். நேரம் கரைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் மணல் கடிகாரம் நல்லது. கைபேசியில் அலாரம் வைத்தால் கைபேசிதான் ஜெயிக்கும்.

பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் பாடம் நடத்தாதீர்கள். உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். ஆள் அருகில் இருப்பதே பல பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும். மூன்று மணி நேரத்துக்கு முற்றுப்புள்ளி வையுங்கள். ஆசிரியரிடம் பேசி நாற்பது நிமிஷம் என்று வரம்பு வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். இருபது கணக்கில் எட்டைச் சரியாகப் போட்டாலே அவளுக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும்.

அடுத்த அறையிலிருந்து ‘பையை வை, கை கழுவு, நோட்டை எடு’ என்று குரல் கொடுத்தால் மூன்றில் ஒன்றுதான் நிற்கும். கிட்டே போய், தோளைத் தொட்டு, அவள் முகம் பார்த்த பிறகு ஒன்றே ஒன்றைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அட்டவணை ஒட்டுவதானால் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பை இருக்கும் இடத்தில், அவள் கண் உயரத்தில் இருக்கட்டும். கலர் கலராக இருபது வரி எழுதி ஒட்டுவது பெரும்பாலும் பெற்றோரின் திருப்திக்குத்தான். நான்கு வரி அட்டையும் சில வாரத்தில் சுவரோடு சுவராகக் கலந்துவிடும். அப்போது நிறத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். ‘இதுவும் பலிக்கலை’ என்று விட்டுவிடாதீர்கள்.

பென்சில் பெட்டிக்குச் சுலபமான வழி உண்டு. உள்ளே இருப்பது தெரியும் பையாக வாங்கி, புத்தகப் பையின் ஜிப்போடு கயிற்றால் கட்டிவிடுங்கள். இன்னொரு செட் வகுப்பிலேயே இருக்கட்டும்.

பாராட்டு அந்த நிமிஷமே வர வேண்டும். மாதக் கடைசிப் பரிசு அவளுக்கு அடுத்த யுகம். ‘நல்ல பொண்ணு’ என்பதைவிட ‘குறிக்கெல்லாம் வட்டம் போட்டுட்டுதானே கணக்கைத் தொட்டே’ என்பது வேலை செய்யும். நன்றாகச் செய்ததற்குப் புள்ளி தரும் அட்டை ஏதாவது வைத்தால், சம்பாதித்த புள்ளியைக் கோபத்தில் திரும்பப் பிடுங்காதீர்கள். ஒரே நாளில் அந்த விளையாட்டு முடிந்துபோகும்.

பள்ளியில் ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, ஆசிரியருக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள். எல்லார் முன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், மேசையை மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவது இருவருக்குமான ரகசியக் குறியாக இருக்கட்டும். தேர்வில் கூடுதல் நேரம் மட்டும் கொடுத்தால் கனவு காணக் கூடுதல் நேரம் கொடுத்ததாகிவிடும். தாளை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்துக் கொடுத்தால்தான் அந்த நேரம் பயன்படும்.

மருந்தைப் பற்றி: மெத்தில்ஃபெனிடேட் ஆறு வயதுக்கு மேல் தரப்படுகிறது. குறுகிய நேர மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், வயிற்றுவலியோ தலைவலியோ வரலாம். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதயநோய் இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடோமாக்ஸெடின் என்ற இன்னொரு மருந்துக்கு முழுப் பலன் தெரிய வாரக்கணக்காகும். மருந்து கடிவாளத்தை இறுக்கிக் கொடுக்கும், பையை அடுக்கக் கற்றுக்கொடுக்காது. 579 பிள்ளைகளோடு நடந்து 1999ல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வை யாராவது மேற்கோள் காட்டினால், அதில் இருந்தவர்கள் எல்லாரும் துறுதுறுப்பும் சேர்ந்த பிள்ளைகள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த முடிவை உங்கள் மகளுக்கு அப்படியே பொருத்த முடியாது.

இது செல்லத்தால் வருவதில்லை. பெரும்பங்கு பரம்பரையாக வருவது. கணவரிடம் வாதாடுவதைவிட, மூன்று மாலை வீட்டுப்பாடத்தை அவர் கையில் கொடுத்து நிமிஷக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். அவருடைய பள்ளி நாட்கள் எப்படி இருந்தன என்றும் கேட்டுப் பாருங்கள். தன்னைத்தானே அடையாளம் கண்டுகொள்ளும் அப்பாக்கள் நிறையப் பேர்.

மகளிடமும் பேசுங்கள். ‘உன் மூளைக்குப் பிடிச்சதை விட்டு வர்றது கஷ்டமா இருக்கு, அதுக்கு நாம வழி கண்டுபிடிக்கலாம்’ என்ற அளவில் போதும். வீட்டுப்பாடம் முடியவில்லை என்பதற்குத் தண்டனையாகப் படம் வரைவதைப் பறிக்காதீர்கள். நாள் முழுக்க அவள் ஜெயிக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அவளாகவே வரைவதை நிறுத்திவிட்டாலோ, பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி என்றாலோ, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்று சொல்லத் தொடங்கினாலோ, மருத்துவரிடம் பென்சில் பெட்டியைப் பற்றிப் பேசும் முன் அதைச் சொல்லுங்கள்.