பூவைப் படிச்சு என்ன பண்ணப் போறா?

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இரண்டாம் முறை மதிப்பெண் இன்னும் குறைந்துவிட்டது. மூன்றாம் முறைக்குக் கோச்சிங்கில் பத்தாயிரம் முன்பணம் கட்டியாயிற்று. அதிலும் கிடைக்காவிட்டால் தென்னந்தோப்பை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்பது பெரியப்பாவின் யோசனை. அம்மா அழுதுகொண்டே இருந்தார். நானும் முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன்.

அப்புறம்தான் பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். செம்பருத்தியை பிளேடால் நெடுக்காகக் கீறி, அடியில் காயாக மாறும் சூலகத்தைக் குறுக்கே வெட்டி, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருக்கிறாள். மகரந்தத்தாள்கள் ஒட்டிக் குழாயாகிச் சூலகத்தண்டைச் சுற்றி நிற்கின்றன. நுனியில் மகரந்தம் ஒட்டும் சூலகமுடி ஐந்து, சூலகத்துக்குள்ளே ஐந்து அறை. எதிர்ப்பக்கத்தில் வெண்டைப்பூ. "ரெண்டும் ஒரே குடும்பம் மேடம், பூவைத் திறந்தாலே தெரிஞ்சுடும்" என்றாள். எந்தக் கோச்சிங்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். "பூவைப் படிச்சு என்ன பண்ணப் போறான்னு எங்கண்ணன் கேக்கறாருங்க" என்ற அப்பாவுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் தோப்பிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது, ஐயா. ஊட்டியில் நிற்கும் பைன் மரத்துக்கும் விதை உண்டு, ஆனால் அது செதிலின்மேல் திறந்த நிலையில் உருவாகிறது. பூக்கும் தாவரத்தில் விதையாகப் போகும் சூல், சூலகத்துக்குள் மூடிக் கிடக்கிறது. அந்தச் சூலகம்தான் காயாகிறது. இன்னொரு தனித்தன்மை இரட்டைக் கருவுறுதல். மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும். மற்றது நடுவிலுள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, அந்தக் கருவுக்கான உணவுத் திசுவாக வளரும். 1898இல் நவாஷின் என்ற ரஷ்ய அறிஞர் கண்டறிந்தது இது. நீங்கள் விற்கும் தேங்காயில் பருப்பும் தண்ணீரும் அந்த உணவுத் திசுதான். தண்ணீரில் செல்சுவர் எழும்பவில்லை, பருப்பில் எழும்பிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். அரிசியில் நாம் உண்பதும் பெரும்பாலும் அதே திசுதான்.

நர்சிங், பிசியோதெரபி, அக்ரி பற்றிச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது தாவர வகைப்பாட்டியல். செடியைப் பார்த்து இது இன்னதுதான் என்று சான்று சொல்லும் வேலை.

பள்ளிக்கூட மதிலோரம் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பலரும் அசோக மரம் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையான அசோகின் பட்டை பெண்களுக்கான மருந்துகளில் சேர்வது. அதன் பெயரில் நெட்டிலிங்கப் பட்டை சந்தைக்கு வருவது மூலிகைத் துறையின் பழைய பிரச்சினை. பூவிருந்தால் குழப்பமே இல்லை. அசோகுக்கு அல்லியிதழே கிடையாது, ஆரஞ்சு நிறத்தில் தெரிவது இதழ்களுக்கு வெளியே இருக்கும் புல்லிவட்டம், அதிலிருந்து நீளமாக மகரந்தத்தாள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நெட்டிலிங்கத்துக்கு மும்மூன்றாக இரண்டு அடுக்கில் ஆறு பச்சை இதழ்கள். ஆனால் மூட்டையில் வரும் பட்டைக்குப் பூ ஏது? அதைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, சரியான மரத்தின் மாதிரியோடு ஒப்பிட்டு, "இது அது இல்லை" என்று கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அணைக்கும் சுரங்கத்துக்கும் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும்போதும், அங்கே என்னென்ன செடி இருக்கிறது என்று நடந்து பார்த்து எழுத இதே ஆள்தான் வேண்டும்.

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கும் மத்திய அரசு நிறுவனமான பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே அலமாரி அலமாரியாக உலர்தாவர மாதிரிகள். செடியைப் பூவோடு பறித்து, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, ஊர், தேதி, சேகரித்தவர் எண் எல்லாம் எழுதி வைப்பார்கள். பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும், காய்ந்தால் போய்விடும். உங்கள் மகள் நோட்டில் ஒவ்வொரு பூவுக்கும் நிறம் எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமலே.

வெறும் பி.எஸ்சி. போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. வேண்டும், காட்டில் நடக்கும் கால் வேண்டும். அறிவியல் ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் (நீட் அல்ல) ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல் பட்டம் ஒரு நேரடித் தகுதி. இவை எளிதல்ல. ஆனால் இவளுக்குப் பிடித்த பாடத்தில் உழைக்கலாம்.

செலவு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். வீட்டிலிருந்தே அரசுக் கல்லூரிக்குப் போனால், ஐந்து வருடக் கட்டணமும் சேர்ந்து அந்த ஒரு வருடக் கோச்சிங், ஹாஸ்டல் செலவை எட்டாது. பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்காகத் தோப்பை அடமானம் வைக்காதீர்கள். அந்தக் கடனுக்கு வட்டி கட்டப்போவது பெரியப்பா அல்ல. "டாக்டராகணும்னு நீ நெனச்சியா கண்ணு?" என்று அப்பா அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். அவள் தலையசைத்தாள், இல்லை என்று.

கட்டிய பத்தாயிரத்தைக் கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.