தெரிந்துதானே வந்தாள்?

அன்புள்ள ஐயா,

நான் இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம் பக்கம். வயதான ஒரு இத்தாலியப் பெண்மணியைப் பராமரிக்கும் வேலை. பல்லாரோ சந்தைக்குக் கிட்ட எங்கள் வீடு. கீழ்மாடியில் நாலைந்து நைஜீரியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு இருபது வயதுகூட இருக்காது. பின்னேரம் வெளிக்கிட்டுப் போனால் விடியத்தான் வருவாள். படியில் கண்டால் சிரிப்பாள். சில நாள் சோறு கொடுத்திருக்கிறேன்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "அவள் என்ன வேலைக்கு வாறாள் என்று தெரிந்துதானே வந்தவள்? நாங்கள் கஷ்டப்பட்டு உழைத்துச் சாப்பிடவில்லையா?" என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சில வேளை அப்படித்தான் தோன்றுகிறது.

என் மகள் ஒக்டோபர் 18, ஆட்கடத்தல் எதிர்ப்பு நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும். விழிப்புணர்வு வந்தால் இது குறையும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அப்படிக் குறையுமா? மகள் என்ன பேசலாம்?

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

விழிப்புணர்வு பற்றி என்னிடம் கேட்காதீர்கள், கோபம் வரும். தெற்கு நைஜீரியாவின் எடோ மாநிலத்திலிருந்துதான் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வருகிறார்கள். அதன் தலைநகர் பெனின் சிட்டி. ஐரோப்பாவுக்குப் போன பெண் அனுப்பிய காசில் எழும்பிய மாடிவீடு தெருவுக்கு ஒன்றாவது அங்கே இருக்கும். அந்தக் காசு எப்படி வந்தது என்று தெருவுக்கும் தெரியும். சுவரொட்டி ஒட்டி அவர்களுக்கு என்ன புதிதாகச் சொல்லப்போகிறார்கள்?

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கணவரின் கேள்வி. சில வாரங்களாக மனோலாடா வழக்கின் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் இதே கேள்வி வருகிறது. அங்கே கேட்டது கிரேக்க நீதிமன்றம்.

மனோலாடா கிரேக்க நாட்டின் மேற்கே, ஸ்ட்ராபெர்ரி விளையும் ஊர். வங்கதேசத்து ஆண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். 7 மணி நேரத்துக்கு 22 யூரோ, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 3 யூரோ, சாப்பாட்டுக்கு 3 யூரோ பிடித்தம் என்று பேச்சு. யாரும் கட்டித் தூக்கிக்கொண்டு போகவில்லை. கேட்டு, சம்மதித்து, தாங்களே போனார்கள். அட்டையும் நைலானும் மூங்கிலும் வைத்துக் கட்டிய குடிசையில் தங்கினார்கள். கழிப்பறை கிடையாது. ஆயுதம் வைத்திருந்த காவலாட்களின் பார்வையில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை பழம் பறித்தார்கள். கூலி மட்டும் வரவேயில்லை. வேலையை விட்டால் பழைய பாக்கியும் போய்விடும் என்பதால் விடவும் முடியவில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று கூட்டமாகப் போய்ப் பாக்கியைக் கேட்டபோது காவலாள் ஒருவன் சுட்டான். 30 பேருக்குப் பலத்த காயம்.

சுட்டதற்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் ஆட்கடத்தல், அதாவது சுரண்டுவதற்காக ஆளைச் சேர்த்து வைத்தல், என்ற குற்றச்சாட்டைக் கிரேக்க நகரான பாத்ராஸின் நீதிமன்றம் தள்ளிவிட்டது. நிபந்தனை தெரிந்துதானே சேர்ந்தார்கள், வெளியே நடமாட முடிந்தது, வேண்டாமென்றால் போயிருக்கலாமே என்பது அந்த நீதிமன்றத்தின் வாதம். 42 பேர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 மார்ச் 30 அன்று அது கிரேக்க அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் கதியற்ற நிலையைப் பயன்படுத்தி முதலாளி அவனைச் சுரண்டினால், அந்த வேலையை விரும்பிச் செய்த வேலை என்று சொல்ல முடியாது. முதலில் சம்மதித்திருந்தாலும் அது கட்டாய உழைப்புதான். கூலிக்காரன் நடமாடலாம் என்பதால் அவன் சுதந்திரமானவன் ஆகிவிடமாட்டான். இதைச் சொல்வதற்கு ஐரோப்பாவுக்கு 2017 ஆக வேண்டியிருந்தது!

இப்போது உங்கள் கீழ்மாடிக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் கதை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. எடோவிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான பெண்கள் சொன்னதில் பொதுவாக இருப்பதைச் சொல்கிறேன். பெண்களை வரவழைத்துத் தொழிலில் இறக்கும் ஒரு 'மேடம்' பயணச் செலவை ஏற்கிறாள். கிளம்பும் முன் பெண்ணைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் நகம், முடி, ரத்தம் எடுத்து வைத்து ஜூஜூ என்ற மாந்திரீகச் சடங்கில் சத்தியம் வாங்குவார்கள். கடனை அடைப்பேன், மேடத்தைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், போலீசுக்குப் போக மாட்டேன். மீறினால் பைத்தியம் பிடிக்கும், வீட்டில் சாவு விழும். அப்புறம் நைஜர் பாலைவனம், லிபியா. லிபியாவில் நடப்பதை இங்கே எழுதவில்லை. அதன் பிறகு ரப்பர் படகு. 2014 இல் கடல் வழியாக இத்தாலிக்கு வந்த நைஜீரியப் பெண்கள் 1,454 பேர். 2016 இல் 11,009. இவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பாலியல் தொழிலுக்கென்றே கொண்டுவரப்பட்டவர்களாக இருக்கலாம் என்று ஐ.நா.வின் புலம்பெயர்வோர் அமைப்பு கணித்தது.

வந்து இறங்கிய பிறகுதான் கடன் எவ்வளவு என்பது உறைக்கும். 25,000, 35,000 யூரோ என்பார்கள். ஊரில் கேட்டபோது அவளுக்கு அது வெறும் எண். கூடவே வீட்டு வாடகை, சாப்பாடு, நடைபாதையில் நிற்கும் இடத்துக்குத் தனி வாடகை. அதற்கு 'ஜாயின்ட்' என்று பெயர்கூட இருக்கிறது. எல்லாம் கணக்கில் ஏறும்.

இதில் எதை அவள் 'தெரிந்து' வந்தாள்? வேலை இன்னதென்று சிலருக்குத் தெரிந்திருக்கலாம். தலைமுடி அலங்காரம், துணிக்கடை என்று நம்பி வந்தவர்களும் உண்டு. எனக்கு அந்த வேறுபாடே முக்கியமில்லை. சமையல் வேலை என்று தெரிந்து போனவளைச் சமையலறையில் பூட்டி வைத்தால் சும்மா விடுவோமா?

இங்கே உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். "நாங்கள் கஷ்டப்பட்டு உழைத்துச் சாப்பிடவில்லையா" என்கிறாரே உங்கள் கணவர், அவர் எப்படி வந்தார்? விசா அடித்து விமானத்தில் வந்திருந்தால் சரி, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர்க்காரர் பலர் காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை விற்று, ஏஜென்சிக்காரனுக்குக் கட்டி வந்தவர்கள். அதுவும் சட்டவிரோதம்தான், அதுவும் கடன்தான். ஆனால் உங்களை இறக்கிவிட்டதோடு ஏஜென்சிக்காரனின் வியாபாரம் முடிந்தது. இவளுக்கு அங்கேதான் தொடங்குகிறது. கொழும்பில் ஏறும்போது நீங்கள் பிடித்த அதே மாதிரி ஏஜென்சிக்காரன், பலெர்மோ வந்ததும் உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, உழைப்பதையெல்லாம் தனக்கே கட்டச் சொல்லி, ஊரில் உங்கள் அம்மா வீட்டு வாசலில் ஆள் நிறுத்தியிருந்தால்? நீங்களும் தெரிந்துதான் ஏறியிருப்பீர்கள். படிக்கட்டில் சோறு கொடுக்கத் தோன்றிய உங்களுக்கு இது எட்டாது என்று நான் நினைக்கவில்லை. யாரோ சொல்லிக் கேட்ட வார்த்தையை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

சத்தியம் என்று சொன்னேனே, அதைப் பற்றி ஒன்று. 2018 மார்ச் 9 அன்று பெனின் சிட்டியின் பாரம்பரிய அரசர், ஓபா இரண்டாம் எவுவாரே, பூசாரிகளை அரண்மனைக்கு வரச்சொன்னார். இதுவரை வாங்கிய சத்தியம் ஒன்றும் செல்லாது, இனி இதைச் செய்கிறவர்கள் மேல்தான் சாபம் என்று அறிவித்தார். இத்தாலியின் நடைபாதைகளில் நின்றிருந்தவர்களுக்குத் தொலைபேசியில் சேதி போனது. காசு கட்டுவதை அன்றோடு நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். நம் முற்போக்கு நண்பர்கள் இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எத்தனை கருத்தரங்குகளால் செய்ய முடியாததை ஒரு அரசர் ஒரே நாளில் செய்தார். ஆனால் சத்தியத்தை அவர் எடுத்துவிட்டாலும் தாயை மிரட்டும் ஆட்களை எடுக்க முடியவில்லை. அந்தப் பயம் இருக்கும்வரை அவள் போலீசில் வாய் திறக்கமாட்டாள்.

நான் பல காலமாகக் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான். 2005 இல் வார்சாவில் கையெழுத்தான, ஆட்கடத்தலுக்கு எதிரான ஐரோப்பிய கவுன்சில் ஒப்பந்தம், பாதிக்கப்பட்டவர் சாட்சி சொல்லச் சம்மதித்தால்தான் உதவி என்று வைக்கக் கூடாது என்கிறது. தேறி வந்து யோசிக்க குறைந்தது 30 நாள் அவகாசமும் கொடுக்கச் சொல்கிறது. நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டுச் சட்டமும் உதவியைப் பற்றி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 2004 ஆம் ஆண்டின் இன்னொரு விதி இன்றும் இருக்கிறது. அதன்படி தங்கும் அனுமதி, வழக்குக்கு ஒத்துழைக்கிறவர்களுக்கு. அதாவது உதவிக்கு நிபந்தனை இல்லை, உதவி வாங்க நாட்டில் இருப்பதற்கு நிபந்தனை உண்டு. இதை எழுதியவர்கள் புத்திசாலிகள்தான், சந்தேகமில்லை.

மேடத்தின் உண்மைப் பெயர்கூடப் பல பெண்களுக்குத் தெரியாது. விசாரணையில் முதலில் சொல்வது மேடத்தின் ஆட்கள் சொல்லிக்கொடுத்த கதை. பிறகு உண்மையைச் சொன்னால், மாற்றிப் பேசுகிறாள் என்பார்கள். வழக்கு வருடக்கணக்கில் ஓடும். தோற்றால் இவள் கதி? உயிரைப் பணயம் வைத்தால்தான் காகிதம் என்று ஒரு அரசு சொல்லலாமா?

இந்த விஷயத்தில் உங்கள் இத்தாலி மற்றவர்களுக்கு முன்னால் போனது. 1998 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் 18 ஆவது பிரிவு என்று ஒன்று. அதில் இரண்டு வழி. போலீசில் சாட்சி சொல்லும் வழி ஒன்று. ஆபத்தில் இருக்கிறாள் என்று தொண்டு அமைப்போ ஊராட்சியின் சமூகப் பணியாளரோ தெரிவித்தால், புகார் கொடுக்காமலே பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் வழி இன்னொன்று. ஆறு மாத பெர்மெசோ, அதாவது தங்கும் அனுமதி, பிறகு ஒரு வருட நீட்டிப்பு, வேலை கிடைத்தால் வேலைக்கான பெர்மெசோவாக மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வழிதான் முக்கியம். அப்படிக் காலூன்றிய பெண்கள் பலர் பின்னால் தாங்களாகவே சாட்சி சொல்ல வந்தார்கள். பயம் தெளிந்தால் பேசுவார்கள், இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதற்கு? ஆனாலும் பெர்மெசோ கொடுக்கும் போலீஸ் அலுவலகங்களான குவெஸ்தூராக்கள் சிலவற்றில் எப்படியும் வாக்குமூலம் கேட்கிறார்கள் என்ற புகார் இருக்கிறது. நல்ல சட்டத்தைக் கவுன்ட்டரில் இருப்பவர் கெடுப்பது நமக்குப் புதிதா?

கடனை அடைத்து முடித்தவளே நாளைக்கு ஊரிலிருந்து நாலு பெண்களைக் கொண்டுவந்து மேடம் ஆகலாம். நடந்திருக்கிறது. அதற்காக இன்றைக்கு இவளைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை. வெளியே வர வேறு வாசல் இல்லாமல் போனால் அப்படித்தான் ஆகும்.

நீங்கள் செய்யக்கூடியது: அவசரப்பட்டுப் போலீசைக் கூப்பிடாதீர்கள். யாரையாவது கண்முன்னே அடித்தால் கூப்பிடுங்கள், அது வேறு. மற்றபடி, காகிதம் இல்லாதவள் என்றால் முதலில் பிடிபடப்போவது அவள்தான். 800 290 290 என்பது ஆட்கடத்தலுக்கு எதிரான இத்தாலிய அரசின் இலவச எண். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், பல மொழிகளில் பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. முதலில் நீங்களே பேசி, பலெர்மோவில் இரவில் தெருவுக்குப் போய்ப் பார்க்கும் குழு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணை அவளிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டில் பையைச் சோதிப்பார்கள். தனியாக இருக்கும்போது வாயால் சொல்லுங்கள். எண் சுலபமானதுதான். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். இன்னொரு நாள் அவளாகக் கேட்டால் சொல்வதற்கு எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

அன்புடன்.