படகை விற்று ரேடியாலஜி வாங்க வேண்டாம், அம்மா

தொண்டியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். நீட் பி.ஜி. ரேங்க் சுமார். உங்கள் அண்ணன் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. ரேடியாலஜிக்குப் பேசி வைத்திருக்கிறார். விசைப்படகை விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கு என்கிறார். மகளோ டியூட்டி முடிந்து வந்ததும் நோட்டைத் திறந்து கொலைக்கதை எழுத உட்காருகிறாள். "எனக்குத் தெரிந்த மருத்துவத்தை வைத்துத் திரில்லர் எழுதப்போகிறேன்" என்கிறாள். பிள்ளைக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது அந்தக் கடனுக்கு.

கணக்கைப் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ரேடியாலஜி மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கோடியைத் தாண்டும். ஒரு கோடியை மட்டும் 11 சதவீத வட்டியில், பத்து வருடத் தவணையில் வாங்கினால் மாதம் ஏறக்குறைய 1,37,750 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் ஒரு கோடியே அறுபத்தைந்து லட்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மற்ற மாதங்களிலும் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான் கடல். வங்கித் தவணைக்குத் தடைக்காலம் கிடையாது. அதோடு, படகு சம்பாதிக்கிற சொத்து. அதை விற்று சீட் வாங்கினால் தவணை கட்ட வீட்டில் வருமானமே இருக்காது. இதில் நான் வளைந்து கொடுக்கமாட்டேன்: படகை விற்காதீர்கள்.

ரேடியாலஜி நல்ல துறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கத் திரையில் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதில் மனசு இருக்கிறவர்களுக்கு அது நல்ல துறை. உங்கள் மகள் கடிதத்தோடு அனுப்பிய இரண்டு அத்தியாயங்களைப் படித்தேன். அவளுக்கு இருக்கும் கேள்வி வேறு. ஒருவர் எப்படி இறந்தார், யார் பொய் சொல்கிறார்கள், உடம்பு என்ன சொல்கிறது. இந்தக் கேள்விக்கென்றே எம்.டி. படிப்பு ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் யாரும் அதன் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்கள்: சட்டம் சார்ந்த மருத்துவம் (ஃபாரன்சிக் மெடிசின்), அதாவது பிரேதப் பரிசோதனை செய்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிற துறை. பொது மருத்துவம், மகப்பேறு, வெளிநாடு பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதுகிறேன் என்று சொல்லாதே அம்மா. முதல் புத்தகம் பெரும்பாலும் ஒன்றும் தராது, இரண்டாவதும் தராமல் போகலாம். சம்பளம் ஒரு பக்கம் வந்தால்தான் அவசரப்படாமல் எழுத முடியும்.

சட்டம் சார்ந்த மருத்துவம் மூன்று வருடப் படிப்பு. அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம், மாத உதவித்தொகையும் உண்டு. ரேடியாலஜி, தோல் போன்றவை முதல் சுற்றிலேயே போய்விடும். சட்டம் சார்ந்த மருத்துவ இடங்கள் கடைசிச் சுற்றுகள் வரை மிஞ்சும், அதனால் சுமாரான ரேங்க்குக்கும் கிடைக்கும். முடித்ததும் அரசுப் பணி ஒப்பந்தம் இருக்கிறது. எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று அந்த ஆண்டின் கவுன்சலிங் தகவல் கையேட்டில் படித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். எம்.டி.க்குப் பிறகு ஒரு வருடம் சீனியர் ரெசிடெண்ட்டாக இருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகலாம். மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இருந்தால் இந்தத் துறை இருந்தே ஆக வேண்டும். ராமநாதபுரத்திலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன்: சாயங்காலம் கிளினிக் போட்டுச் சம்பாதிக்கிற துறை இல்லை இது. சம்பளம்தான்.

இதைச் சொன்னால் அண்ணன் கேட்பார், "பிணவறை டாக்டருக்கு யார் மாப்பிள்ளை கொடுப்பார்கள்?" என்று. மூன்று வருடப் படிப்பையும் முப்பது வருட வேலையையும் முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் முகச்சுளிப்பை வைத்து முடிவு செய்யக்கூடாது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும். அந்தப் பெண்ணுக்காகப் பேச மிஞ்சியிருப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கை. அதை எழுதுகிறவரை இளக்காரமாக நினைக்கிற வீட்டில் உங்கள் மகள் வாழப் போகவும் வேண்டாம். டாக்டர் கதை எழுதுவதா என்றும் கேட்பார். ஆர்தர் கோனன் டாயில் 1881-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். அவருடைய துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு முன்மாதிரியே அங்கே பாடம் நடத்திய ஜோசப் பெல் என்ற அறுவை மருத்துவர்தான்.

இந்தத் துறை கதைக்கு எப்படித் தீனி போடும் என்பதை ஒரே ஒரு பரிசோதனையை வைத்துச் சொல்கிறேன். தொண்டிக்கு எதிரே கடலில் வலையில் ஒரு உடல் சிக்குகிறது. மூழ்கிச் செத்தாரா, செத்த பிறகு போடப்பட்டாரா? தண்ணீரில் டயாட்டம் என்ற நுண்பாசி இருக்கிறது. அதன் ஓடு சிலிக்கா. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை மூச்சில் இழுக்கும்போது டயாட்டம் நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் ஏறி, எலும்பு மஜ்ஜை வரை போகும். இதயம் நின்ற உடலில் அதைக் கொண்டுபோக ரத்த ஓட்டம் இல்லை. ஆகவே தொடை எலும்பைத் திறந்து, மஜ்ஜையை எடுத்து, அடர் நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைப்பார்கள். சதையெல்லாம் கரைந்துவிடும், சிலிக்கா ஓடு கரையாது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

இனி கதை. மஜ்ஜையில் டயாட்டம் இருக்கிறது, ஆனால் அது கடல் வகை இல்லை. நன்னீர் வகை. அந்த ஆள் ஏதோ ஒரு ஊருணியிலோ கண்மாயிலோ மூழ்கி, பிறகு கடலுக்கு வந்திருக்கிறார். நடந்து வந்திருக்க முடியாது.

இதில் எங்கே தப்பு நடக்கும் என்பதுதான் நாவலுக்கு இன்னும் பெரிய புதையல். குழாய்த் தண்ணீரிலும் டயாட்டம் இருக்கும். கருவியையோ கண்ணாடிச் சாமானையோ காய்ச்சி வடித்த நீரில் கழுவாமல் குழாயில் கழுவினால் பொய்யான முடிவு வரும். உடல் கிடைத்த இடத்துத் தண்ணீரை எடுக்காமல் படகுத்துறைத் தண்ணீரை போலீஸ் பாட்டிலில் பிடித்து அனுப்பினால் ஒப்பீடே செல்லாது. டயாட்டம் குறைவான தண்ணீரில் உண்மையாகவே மூழ்கியவருக்கும் ஒன்றும் அகப்படாமல் போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த மூன்றையும் கேட்பார். நல்ல நீதிமன்றக் காட்சி இதிலிருந்தே பிறக்கும்.

இன்னொன்று, உள்ளுறுப்பு ஜாடி. விஷம் தேட வேண்டுமென்றால் இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றை வழக்கமாக நிறைவுற்ற உப்புக் கரைசலில் போடுவார்கள், ஃபார்மலினில் போடக்கூடாது. போட்டால் பல விஷங்களைப் பிரித்தெடுப்பதே கஷ்டமாகிவிடும். அழுகும்போது வாயு வரும் என்பதால் ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. பயன்படுத்திய உப்புக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக அனுப்ப வேண்டும். ஒரு ஊழியர் ஜாடியை மாற்றிப் போட்டார் என்ற ஒரு வரி, வழக்கையே கவிழ்க்கப் போதும்.

நள்ளிரவில் கொலைப் பிரேதத்தை அறுக்கிற காட்சியைப் பலரும் எழுதுகிறார்கள். 2021 நவம்பரில்தான் வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. அப்போதும் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவை விலக்கு. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் செய்யலாம். அப்படியானால் உடல் காலை வரை காத்திருக்கிறது, வெளியே சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். அந்த இரவை எழுதச் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் கடற்கரையை விட்டு வெளியே கதை தேட வேண்டியதில்லை. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, கடத்தலும் நடக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. நுண்பாசியில் சந்தேகம் என்றால் கேட்க ஆள் பக்கத்தில். கடல்பாம்புக் கடி பெரும்பாலும் அவ்வளவாக வலிக்காது, தசை சிதைந்து சிறுநீர் கறுத்த பிறகுதான் சிலருக்குத் தெரியும். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குத்தான். கடல்பாம்புக்கு அது வேலை செய்யாது. வலை உதறுகிற மீனவர் எல்லோருக்கும் தெரிந்த பயம் இது, நாவலில் வந்ததாகத் தெரியவில்லை.

எழுதும் முறைக்கு வருவோம். 40,000 சொல் ஒரு நாவலுக்குப் போதும். நாளுக்கு 400 சொல் எழுதினால் நூறு நாள். அத்தியாயத்துக்கு ஒரு மருத்துவ உண்மை போதும். முதலில் அடையாளத்தைக் காட்டட்டும், விளக்கம் இரண்டு அத்தியாயம் தள்ளி வரட்டும். பாடப்புத்தகத்தை அப்படியே கொட்டினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். எழுதியதை ஒரு டாக்டரும் மருத்துவம் தெரியாத ஒருவரும் படிக்க வேண்டும். முதலாமவர் தப்பைக் காட்டுவார், இரண்டாமவர் எங்கே சலித்தது என்று காட்டுவார். விஷத்தின் அளவை எந்தக் கதையிலும் எழுதக்கூடாது. விளைவைச் சொன்னால் போதும், அளவு படிக்கிறவர் கையில் ஆயுதமாகிவிடும்.

நோயாளியின் ரகசியம் இதைவிட முக்கியம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், ஆளை அடையாளம் காணும்படி எதையும் அனுமதியின்றி வெளியிடுவதைத் தடுக்கின்றன. பெயரை மாற்றினால் போதாது. ஊர், வயது, தொழில், குடும்பம், இறந்த விதம் எல்லாம் கலைய வேண்டும். தான் சாட்சி சொல்லவிருக்கும் வழக்கின் சாயலே கதையில் வரக்கூடாது, கூண்டில் நிற்கும்போது அந்த நாவலையே வக்கீல் நீட்டுவார். அரசுப் பணியில் சேர்ந்த பிறகு புத்தகம் போடுவதற்கும் அதில் வருமானம் பெறுவதற்கும் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்று வருகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்நூலைச் செலவில்லாமல் ஏற்றலாம்.

இப்போது செய்ய வேண்டியது. ஹவுஸ் சர்ஜன் சுழற்சியில் சட்டம் சார்ந்த மருத்துவத்துக்கும் சில நாள் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், அந்த நாட்களில் முழு நேரமும் பிணவறையில் நிற்கச் சொல்லுங்கள். கடலில் ஐந்து நாள் கிடந்த உடலையும் பார்க்கட்டும், பிரேதத்துக்குக் காத்திருக்கும் தாயையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் அவள் வேண்டும் என்றால் கவுன்சலிங்கில் இந்தத் துறையை, பிடித்த அரசுக் கல்லூரிகளின் வரிசைப்படி மேலே போட்டுப் பூட்டுங்கள். விருப்பமில்லாத எதையும் சும்மா கீழே சேர்க்காதீர்கள். பிந்தைய சுற்றுகளில் கிடைத்த இடத்தை விட்டு விலகினால் வைப்புத்தொகை போகும், அடுத்த வாய்ப்பும் கெடலாம். வேண்டாம் என்றால் எனக்கு மறுபடி எழுதச் சொல்லுங்கள், வேறு யோசிப்போம். எப்படியானாலும் அண்ணன் பேசி வைத்த இடத்துக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.