புது பேட்டரியும் இரண்டு நாளில் இறங்கினால், மின் கசிவைப் பாருங்கள்

புது பேட்டரி போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது, இரண்டு நாள் நிறுத்தினால் உங்கள் பழைய பிக்கப் ‘டக்’ என்பதோடு சரி என்கிறீர்கள். ஓடும்போது 14.2 வோல்ட் காட்டுகிறதே, அப்படியானால் டைனமோ சார்ஜ் கொடுக்கிறது. இன்னொரு பேட்டரி வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள் அண்ணா.

வண்டி நிற்கும்போது ஏதாவது மின்சாரத்தைக் குடிக்கிறதா என்று முதலில் பார்ப்போம். சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். அந்த நேரத்தில் மறந்தும் செல்ஃப் அடிக்க வேண்டாம், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் (மீட்டரில் 0.05) இருந்தால் பயமில்லை. அரை ஆம்பியர் கசிந்தால் இரண்டு நாளில் 24 ஆம்பியர்-மணி காலி. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த லைனில். பிற்பாடு மாட்டிய பாட்டு செட் இருந்தால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

என் வண்டியில் எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் அசையவில்லை. டைனமோ பின்னாலிருக்கும் தடித்த வயரைக் கழற்றியதும் பூஜ்யம். உள்ளே, மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டையோடு ஒன்று போயிருந்தது. பகலில் கொடுத்ததை ராத்திரி திருடிக்கொண்டிருந்தது! அந்த வயரில் கைவைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

கசிவே இல்லையா? கேபிளைத் திரும்ப மாட்டி, மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் வயரின் (நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போவது) துருவை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். மீட்டரில் வந்த எண்ணை இங்கே போடுங்கள்.